தானாகப் போகும் மெயிலில் ‘இப்படிக்கு’ யார்?

கேள்வி இது. சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் துண்டு, படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம். பையர்களோடு, அதாவது சரக்கு வாங்குகிறவர்களோடு, பேசி ஆர்டரைக் கவனிக்கும் நான்கு மெர்ச்சண்டைசர்கள், அவர்களுக்குள் பிரித்துக்கொண்ட ஆயிரத்துச் சொச்சம் பையர்கள். புது டிசைன் வந்தால் ஒரு மெயில், சாம்பிள் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் ஒரு மெயில், ஆறு மாதமாக ஆர்டர் தராதவருக்கு ஒரு மெயில் என்று எல்லாமே தானாகப் போகின்றன. எல்லாவற்றின் அடியிலும் எம்.டி.யின் பெயர். பையர்கள் அவருக்கே பதில் எழுதுகிறார்கள். அவர் உட்கார்ந்து ஆளாளுக்கு ஃபார்வர்ட் செய்துகொண்டிருக்கிறார். இனி ஒவ்வொரு பையருக்கும் அவரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் கையொப்பத்தோடு மெயில் போக வேண்டும். அதற்கு ஆளுக்கொரு டெம்ப்ளேட் (மெயிலின் மாதிரி வடிவம்) செய்ய வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளுக்கொரு டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம். நான்கு பேர், மூன்று வகை மெயில் என்றால் பன்னிரண்டு டெம்ப்ளேட் ஆகிவிடும். நாளைக்கு ஒருவரின் ஃபோன் எண் மாறினால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும்; அதில் ஒன்று கட்டாயம் விட்டுப்போகும். வகைக்கு ஒரு டெம்ப்ளேட் போதும். கையொப்பம் வரும் இடத்தில் பெயர், பதவி, ஃபோன் ஆகியவற்றுக்கான மெர்ஜ் டேக்குகள், அதாவது பிறகு நிரப்பிக்கொள்ளும் காலியிடக் குறிகள், மட்டும் இருக்கட்டும். மெயில் கிளம்புகிற நேரத்தில் அந்தப் பையருக்குப் பொறுப்பானவர் யார் என்று பார்த்து மென்பொருளே நிரப்பிக்கொள்ளும்.

ஆனால் இது பாதிப் பதில்தான். மீதிப் பாதியில்தான் எல்லோரும் இடறுகிறோம், நானும் இடறியிருக்கிறேன்.

சின்ன வயதில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, கடைசியில் ‘இப்படிக்கு’ என்று எழுதி அதன் கீழே பெயர் போடச் சொன்னார்கள். மேலே சொன்ன அத்தனைக்கும் நான் பொறுப்பு, பதில் எழுதினால் என் கைக்கு வரும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். தானாகப் போகும் மெயிலிலும் அதே பொருள்தான். அதனால் கையொப்பம் என்பதை மெயிலின் அடியில் ஒட்டும் நான்கு வரியாக நினைக்காதீர்கள். அது நான்கு இடங்களில் இருக்கிறது. இன்பாக்ஸில் முதலில் தெரியும் அனுப்புநர் பெயர் ஒன்று. அதற்குப் பின்னால் இருக்கும் அனுப்புநர் முகவரி இரண்டு. பையர் ‘ரிப்ளை’ அழுத்தினால் பதில் போய்ச் சேரும் ரிப்ளை-டூ முகவரி மூன்று. அடியில் இருக்கும் பெயர் நான்கு. இந்த நான்கும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். உங்கள் மெர்ச்சண்டைசர்களில் ஒருவர் கவிதா, இன்னொருவர் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். மேலே எம்.டி. பெயர், கீழே கவிதா பெயர், பதில் போவது பொது முகவரிக்கு என்று இருந்தால், பெயரே போடாத மெயில் அதைவிட மேல்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். அரபிகாச் செடிகள், நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, நடுவில் விருந்தினர் தங்க நான்கு அறைகள். நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கி, களத்தில் காயவைத்து, வறுத்துப் பொடியாக்கி முடிந்ததும், முன்பு வந்து தங்கியவர்களுக்கெல்லாம் ‘இந்த வருடக் காப்பி தயார், கோடை விழா சமயத்துக்கு அறையும் பதிவு செய்துகொள்ளலாம்’ என்று மெயில் போகும். அதுவரை அடியில் ‘எங்கள் குழு’ என்றுதான் இருந்தது. விருந்தினர்களை வரவேற்று, சாப்பாடு போட்டு, வழியனுப்பி வைப்பது அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா. எல்லோருக்கும் அவரைத்தான் தெரியும். அவர் பெயரிலேயே போகட்டும் என்று நான்தான் சொன்னேன். அனுப்புநர் பெயரை மாற்றினேன், அடியில் கையொப்பத்தை மாற்றினேன். பதில் முகவரியை மாற்றவில்லை. அது எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த பழைய பெட்டி.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்தபோது பதினொரு பதில்கள் கிடந்தன. பழைய பாணியில் ‘குழு’ என்று போனபோது வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். பெயரைப் பார்த்ததும் மனிதர்கள் மனிதருக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தார்கள். ஒருவர் தன் அம்மாவை மறுபடி அழைத்துவர ஆசைப்பட்டு, படி ஏறாத அறை கிடைக்குமா என்று கேட்டிருந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டிருந்தார். மூன்றாவது மெயிலில், ‘நீங்களாவது பதில் எழுதுவீர்கள் என்று நினைத்தேன்’ என்ற ஒற்றை வரி. அக்காவிடம் காட்டினேன். “எம் பேருல போன லெட்டருங்க சார். நான் பதில் சொல்லலைன்னுதானுங்க நெனச்சிருப்பாங்க” என்றார். அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த வரிதான் மனதில் ஓடியது. அதற்குப் பிறகு யாருக்குச் செய்து கொடுத்தாலும் ரிப்ளை-டூவைச் சரிசெய்துவிட்டுத்தான் கையொப்பத்தின் அழகுக்கே வருகிறேன்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். ஹப்ஸ்பாட், மார்க்கெட்டோ, ஸோஹோ சி.ஆர்.எம். போன்ற வாடிக்கையாளர் மென்பொருள்களில் ஒவ்வொரு தொடர்புக்கும் ‘ஓனர்’, அதாவது பொறுப்பானவர், என்ற புலம் முன்பே இருக்கும். அந்த ஓனரின் பெயர், மெயில் முகவரி முதலியவற்றுக்கு டேக்குகளும் இருக்கும். மொத்தமாக மெயில் அனுப்ப மட்டுமே உள்ள எளிய சேவையாக இருந்தால் ஓனர் புலத்தை நீங்களே சேர்க்க வேண்டும். அப்போது எக்செலில் இரண்டு ஷீட் வையுங்கள். ஒன்றில் பையர்கள், ஒவ்வொருவருக்கும் எதிரே மெர்ச்சண்டைசரின் குறியீடு மட்டும். இன்னொன்றில் ஆளுக்கு ஒன்றாக நான்கே வரிசை, ஒவ்வொன்றிலும் குறியீடு, பெயர், பதவி, ஃபோன், மெயில், படத்தின் முகவரி. குறியீட்டைப் பார்த்து விவரத்தை எடுத்துத்தரும் வி-லுக்கப் சூத்திரம் போட்டு முதல் ஷீட்டில் நிரப்பி ஏற்றுங்கள். மெர்ச்சண்டைசரின் விவரத்தில் திருத்தம் எதுவானாலும் இரண்டாவது ஷீட்டில்தான் செய்ய வேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள்.

எக்செல் என்றதும் இரண்டு எச்சரிக்கை. நம் கைபேசி எண் பத்து இலக்கம், முன்னால் 91 சேர்ந்தால் பன்னிரண்டு. செல்லை டெக்ஸ்ட் என்று மாற்றாமல் விட்டால், பன்னிரண்டு இலக்க எண்ணை எக்செல் சுருக்கி, புள்ளி வைத்து, அடுக்குக்குறி போட்டுக் காட்டும். ஏற்றுவதற்காக சி.எஸ்.வி. என்ற எளிய பட்டியல் கோப்பாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கமே பதிவாகிவிடும். ஆயிரம் பையருக்கும் ஃபோன் எண் இருக்க வேண்டிய இடத்தில் கணக்குப் பாடம் போகும். அடுத்தது, பெயர்கள் தமிழில் இருந்தால் யூ.டி.எஃப்-8 என்று சொல்லியிருக்கும் சி.எஸ்.வி. வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் வரிசையாகக் கேள்விக்குறிதான். அந்தப் பெயர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவையா என்றும் பாருங்கள். டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்கம் அமைப்பது) பழக்கமுள்ள அலுவலகங்களில் இன்றும் அப்படி அடிக்கிறார்கள். உங்கள் திரையில் தமிழாகத் தெரியும். பெறுபவருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகப் போகும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டே ஏற்றுங்கள்.

ஓனர் இல்லாத பையர்களை என்ன செய்வது? பெரும்பாலான சேவைகளில் டேக் காலியாக இருந்தால் பதிலுக்குப் போட ஒரு டீஃபால்ட் மதிப்பு கொடுக்கலாம். அதைப் புலம் புலமாகக் கொடுப்பதுதான் பொறி. பெயர் காலி, ஃபோன் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘விற்பனைப் பிரிவு’ என்ற பெயருக்குக் கீழே செந்திலின் சொந்த எண் போகும். அதனால் கையொப்பம் முழுவதையும் ஒரே கட்டமாக வைத்து, ஓனர் இருந்தால் அவருடைய கட்டம், இல்லையென்றால் நிறுவனத்தின் பொதுக் கட்டம் என்று நிபந்தனை போடுங்கள். அனுப்புநர் பெயருக்கும் ரிப்ளை-டூவுக்கும் அதே நிபந்தனைதான்.

பெயர்ப் புலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள்களெல்லாம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ‘ம. கவிதா’ என்பவரை ஏற்றும்போது ஒருவர் ‘ம.’ என்பதை முதல் பெட்டியில் போடுவார். முதல் பெயர் டேக் வைத்த டெம்ப்ளேட்டில் ‘ம.’ என்ற ஒற்றை எழுத்தோடு கையொப்பம் போகும். இன்னொருவர் இன்ஷியலை விரித்து ‘கவிதா மணி’ என்று போடுவார். ஜெர்மனியிலிருந்து பதில் ‘மிஸ் மணி’ என்று வரும். எனக்குத் தெரிந்த ஒரு மெர்ச்சண்டைசர் இரண்டு வருடம் தன் அப்பாவின் பெயரால் அழைக்கப்பட்டார். திருத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு சிலர் இன்ஷியலை மாற்றிக்கொள்கிறார்கள், சிலர் மாற்றுவதில்லை. இதையெல்லாம் சம்பளப் பட்டியலைப் பார்த்து நாமாக முடிவு செய்யக் கூடாது. கையொப்பத்துக்கென்று ‘காட்ட வேண்டிய பெயர்’ என்று தனிப் புலம் ஒன்று வைத்து, நான்கு பேரிடமும் உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே ஒரே பெட்டியில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பையருக்கு ‘கவிதா’ என்று தனியாகப் போட்டு, பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதே போதும் என்பது என் கருத்து. இன்பாக்ஸிலும் ‘கவிதா’ என்று மட்டும் தெரிந்தால் யாரோ என்று நினைப்பார்கள். ‘கவிதா’ என்ற பெயருக்கு அடுத்து நிறுவனப் பெயர் தெரிந்தால் உடனே ஆள் புரியும். கைபேசியில் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும் என்பதால் ஆள் பெயர் முன்னால் வரட்டும்.

பையர் பெயரிலும் இதே சிக்கல் திரும்பி வரும். பெங்களூருக் கடைக்காரர் ‘கே. ரமேஷ்’ என்றால் ‘அன்புள்ள கே’ என்று மெயில் தொடங்கிவிடும். அங்கேயும் அழைக்கும் பெயருக்குத் தனிப் புலம் வையுங்கள்.

அடுத்தது ஃபோன் எண். நான்கு பேரில் பெண்கள் இருந்தால் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். சொந்தக் கைபேசி எண்ணை ஆயிரம் பேருக்குப் போகும் மெயிலில் போடுவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவாக இருக்க வேண்டும். மனமில்லாமல் தலையாட்டுகிறவர்கள் அதிகம், எம்.டி. கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள். நீங்களே முந்திக்கொண்டு, அலுவலக எண்ணும் எக்ஸ்டென்ஷனும் போடுகிறோம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நிறுவனம் ஆளுக்கொரு சிம் வாங்கித் தரட்டும். வேலையை விட்டாலும் எண் நிறுவனத்திடமே இருக்கும், பையரும் அலைய மாட்டார். எண்ணை முன்னால் கூட்டல் குறியும் 91-உம் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று இந்திய நேரத்தில் ஒரு வரி. ஜெர்மனி குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. அந்த ஒரு வரி இருந்தால் கவிதாவின் ஃபோன் ராத்திரி பத்து மணிக்கு அடிப்பது குறையும்.

படம் வேண்டுமா? நேரில் பார்க்காத பையருக்கு முகம் தெரிவது நல்லது என்றே நினைக்கிறேன், சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால். ஸ்டூடியோ பாஸ்போர்ட் படம் வேண்டாம். சாம்பிள் மேசை பக்கத்தில் நின்று கைபேசியில் எடுத்தது போதும். நூறு பிக்செல் அகலத்தில் காட்டப் போகிறீர்கள் என்றால் இருநூறு பிக்செலில் தயார் செய்யுங்கள், அளவு முப்பது கே.பி.க்குள் இருக்கட்டும். அதை மெயிலோடு இணைப்பாக அனுப்பாமல் உங்கள் இணையதளத்தில் ஏற்றி அங்கிருந்து காட்டுங்கள். இணைத்தால் சில இடங்களில் மெயிலின் மேல் பேப்பர் கிளிப் குறி வந்து, ஏதோ ஆவணம் வந்திருக்கிறது என்று பையர் திறந்து ஏமாறுவார். எஸ்.வி.ஜி. வகைப் படமும், மெயிலின் நிரலுக்குள்ளேயே (எச்.டி.எம்.எல். கோட்) பொதிந்த படமும் ஜிமெயிலில் தெரியாது, ஜே.பி.ஜி. அல்லது பி.என்.ஜி. மட்டும். விண்டோஸில் உள்ள பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்தே மெயிலைக் காட்ட வேர்டின் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. ஏற்றுமதிப் பையர்களில் பலர் அதில்தான் படிக்கிறார்கள். அதனால் கையொப்பத்தைச் சாதாரண அட்டவணையாகக் கட்டி, படத்தின் அகலத்தை அதைக் காட்டும் நிரல் வரியிலேயே எண்ணாகக் கொடுங்கள். அவுட்லுக் படங்களை முதலில் மறைத்தும் வைக்கும். பெயரும் எண்ணும் படத்துக்குள் இருந்தால் அங்கே வெறும் கட்டம்தான் தெரியும். அழகான கையெழுத்தை ஸ்கேன் செய்து போட ஆசை இருந்தால் போடுங்கள், ஆனால் கீழே அதே பெயர் எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

மெயிலின் மொத்த நிரல் 102 கே.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் அடியை வெட்டிவிட்டு, முழுவதையும் பார்க்க ஒரு சுட்டியைத் தரும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, அதாவது உங்கள் கையொப்பமும் அன்சப்ஸ்கிரைப் சுட்டியும்தான். டிசைன் பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. படங்கள் இந்தக் கணக்கில் சேராது, நிரல்தான் சேரும். வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் நிரல் ஊதிப்போகும்.

அனுப்புநர் முகவரியைப் பற்றி. நான்கு பேருக்கும் உங்கள் நிறுவன டொமைனிலேயே (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) முகவரி இருக்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்று சான்றுகளும் டொமைனுக்கு உரியவை என்பதால், ஆள் மாறினாலும் டொமைனின் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. சில சேவைகள் மட்டும் ஒவ்வொரு முகவரிக்கும் உறுதிப்படுத்தும் மெயில் அனுப்பிக் கேட்கும். யாராவது சொந்த ஜிமெயில் முகவரியில்தான் பையரோடு பேசுகிறார் என்றால், அந்த முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறு சேவை வழியாக மொத்தமாக அனுப்பாதீர்கள். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கொண்டுவந்த விதிகளோடு சேர்த்து, ஜிமெயில் முகவரியைப் போலியாகக் காட்டாதீர்கள் என்று கூகுள் நேரடியாகவே சொல்லியிருக்கிறது. அப்படிப் போவது ஸ்பாமில்தான் விழும். அந்த விதிகளின்படி ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்று சான்றும் வைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. உங்கள் அளவு அதற்கு வெகு கீழே இருக்கும். இருந்தாலும் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். ஒரு மதிய நேர வேலைதான். விலகும் சுட்டியைக் கவிதாவின் கையொப்பத்துக்குள் நுழைக்காமல், கீழே ஒரு கோடு போட்டுத் தனியாக வையுங்கள்.

அந்தக் கோட்டுக்குக் கீழேதான் சட்டம் கேட்கும் விவரங்களும் வர வேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, வணிகக் கடிதங்களில் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனியின் அடையாள எண்ணான சி.ஐ.என்., தொலைபேசி, மெயில் முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கப் பையர்களுக்குப் போகும் விளம்பர மெயிலில் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், அனுப்புநர் விவரம் ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது என்று அவர்களுடைய 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவை நான்கு பேருக்கும் பொது. டேக் வேண்டாம், நேராக எழுதிவிடலாம்.

இனி, பதில் வந்த பிறகு நடப்பது. தொடர் மெயில்களில் இதுதான் அதிகம் கெடுக்கிறது. சாம்பிள் மெயிலுக்குப் பையர் பதில் எழுதிவிட்டார், கவிதாவும் பேசி முடித்துவிட்டார். பதில் கவிதாவின் பெட்டிக்கு நேராகப் போனதால் மெயில் சேவைக்கு அது தெரியாது. ஐந்தாம் நாள் கவிதாவின் பெயரிலேயே ‘உங்களிடமிருந்து பதில் இல்லையே’ என்று இன்னொரு மெயில் போகும். கையொப்பமே இல்லாமல் இருந்தால் பையர் இயந்திரம் என்று மன்னிப்பார். பெயர் போட்டதால், கவிதா கவனமில்லாதவர் என்றுதான் நினைப்பார். நான்கு பேரின் பெட்டியையும் சேவையோடு இணைக்க முடிந்தால் இணையுங்கள். பதில் வந்ததும் தொடர் தானாக நிற்கும்படி அமைக்கலாம். முடியாவிட்டால், ‘பேச்சு நடக்கிறது’ என்று ஒரு டிக் பெட்டி வைத்து, பதில் வந்த அன்றே அதைத் தட்டச் சொல்லிப் பழக்குங்கள். தொடரின் ஒவ்வொரு மெயிலும் கிளம்பும் முன் அந்தப் பெட்டியைப் பார்க்கட்டும். கூடவே ஒன்று: ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் ஐரோப்பியர்களின் ‘விடுமுறையில் இருக்கிறேன்’ தானியங்கிப் பதில்கள் நான்கு பேரின் பெட்டியிலும் கொட்டும். அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளும் ஃபில்டரை முன்கூட்டியே போட்டுக்கொடுங்கள், உண்மையான பதில் அதற்குள் புதைந்துவிடக் கூடாது.

நம் பக்க விடுமுறையும் இருக்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாச் சமயத்தில் சேலத்தில் பாதி அலுவலகம் காலி. மெயில் மட்டும் ‘இன்று மாலைக்குள் விலை தருகிறேன், கவிதா’ என்று போய்க்கொண்டிருக்கும். பொங்கல், தீபாவளி, ஆடித் திருவிழா நாட்களைச் சேவையின் காலண்டரில் வருடத் தொடக்கத்திலேயே குறித்து, தொடரை நிறுத்தி வையுங்கள். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு இருவர் போகிறார்கள் என்றால், அந்த இருவரின் கையொப்பத்தில் மட்டும் ‘கண்காட்சியில் சந்திக்கலாம்’ என்று ஸ்டால் எண்ணோடு ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு ஊழியர் ஷீட்டில் இன்னொரு புலம், கூடவே முடிவுத் தேதி. முடிவுத் தேதி வைக்காமல் சேர்த்த வரி மார்ச் வரை போவதைப் பார்த்திருக்கிறேன்.

யாராவது வேலையை விட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கட்டாயம் நடக்கும். அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஓனர் குறியீட்டை மாற்றுவது மட்டும்தான். மெயில் கிளம்பும் நேரத்தில்தான் பெயர் நிரம்புகிறது என்பதால் பாதித் தொடரில் இருக்கும் பையருக்கும் புதியவர் பெயரே போகும். அதுவும் ஒரு சங்கடம். மூன்றாவது மெயில் வரை கவிதா, நான்காவதில் முன்பின் தெரியாத செந்தில். ஆகவே ஓனர் மாறியதும் தொடரை நிறுத்தி, கவிதாவே தன் பெயரில், ‘இனி உங்களைச் செந்தில் கவனிப்பார், உங்கள் ஆர்டர் விவரமெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன்’ என்று ஒரு மெயில் எழுதிவிட்டுப் போகட்டும். அதைத் தானியங்கியில் விடாமல் முக்கியப் பையர்களுக்காவது கையால் எழுதுவது நல்லது. கவிதாவின் முகவரியை அழித்துவிடாதீர்கள். ஒரு வருடமாவது செந்திலுக்கு ஃபார்வர்ட் ஆகட்டும். பையர்கள் பழைய மெயிலைத் தேடி எடுத்து அதற்குத்தான் பதில் எழுதுவார்கள்.

எல்லா மெயிலுக்கும் ஆள் கையொப்பம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்வாய்ஸ், சரக்கு கிளம்பிய தகவல், கண்டெய்னர் எண் முதலியவை நிறுவனத்தின் பெயரில் போகட்டும். கேள்வி இருந்தால் யாரைக் கேட்பது என்று மட்டும் ஒரு வரியில் மெர்ச்சண்டைசர் பெயர் இருந்தால் போதும். ஆள் பெயரில் போகும் மெயிலில், ‘இன்று காலை உங்கள் நினைவு வந்தது’ என்பதுபோல நடக்காத ஒன்றை எழுதாதீர்கள். கவிதாவுக்குத் தெரியாமல் கவிதா சொல்வதாக எதுவும் போகக் கூடாது. டெம்ப்ளேட்டை நான்கு பேரிடமும் கொடுத்து, இதன் கீழே உங்கள் பெயரைப் போடச் சம்மதமா என்று கேளுங்கள். ஒரு வரி அவர்களுக்கு உறுத்தினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அனுப்பும் முன் ஆறு போலிப் பையர்களை உருவாக்குங்கள். நான்கு மெர்ச்சண்டைசருக்கும் ஒவ்வொருவர், ஓனர் காலியாக ஒருவர், பழைய குறியீட்டோடு ஒருவர். ஆறு மெயிலையும் அவுட்லுக்கிலும் கைபேசி ஜிமெயிலிலும் கறுப்புத் திரை அமைப்பிலும் திறந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணி உள்ள லோகோ கறுப்பில் கட்டம் கட்டித் தெரியும். பிறகு ஆறுக்கும் ‘ரிப்ளை’ அழுத்தி ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுந்து போய் ஒவ்வொருவர் மேசையிலும் நின்று, அது வந்து சேர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள். அதன் பிறகு முதல் வாரம் ஆளுக்குப் பத்துப் பையருக்கு மட்டும் அனுப்புங்கள், நன்றாகப் பழகியவர்களாகப் பார்த்து. பதில் வரும் வேகம் முன்பைவிடக் கூடும். நான்கு பேரும் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று எம்.டி.யிடம் அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.